பதினேழாம் எண் வயல்

பாயான் லெப்பாஸில் எனக்குத்
தூசியோடு சண்டை போடும் வேலை.
கண்கள் மட்டும் தெரியும் வெள்ளை அங்கிக்குள்
பன்னிரண்டு மணி நேரம்.
ஒரு துகள், ஒரு முடி
சிலிக்கன் வட்டின் மேல் இறங்கினால் போச்சு.
பவுடர் பூசி வந்ததற்காக
ஒருமுறை என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

ரெலாவ் பிளாட், பதினொன்றாம் மாடி.
வந்ததும் மடிக்கணினியைத் திறந்து
டிராக்டரை ஏற்றிப்
புழுதி கிளப்புகிறேன்.

முதலில் கடன்.
பொத்தானை அழுத்தினேன், கொடுத்துவிட்டார்கள்.
சம்பளச் சீட்டு கேட்கவில்லை,
ஜாமீனுக்கு ஆள் கேட்கவில்லை.
(பத்து மாவுங்கில் ஒரு சின்ன வீட்டுக்கு
இரண்டு வங்கிகள் கைவிரித்த வருடம் அது.)
அந்தப் பணத்தில் வாங்கியதுதான் பதினேழாம் எண் வயல்.
ஓரத்தில் ஒரு மின்கம்பம்,
நடுவே ஒரு மேடு.

முன்னேர் போன வழியே பின்னேர் என்பார்கள்.
இரண்டு ஏரும் நானே ஓட்டியதால்
முதல் சாலின் கோணல்
வயல் முழுக்க வந்தது.

அக்டோபரில் பார்லி விதைத்தேன்.
அதுவரை பார்லி என்றால்
உடம்புச் சூட்டுக்குக் குடிக்கும் தண்ணீர்தான்.

எனக்குத் தெரிந்த பருவங்கள் இரண்டு:
பகல் சிப்ட், இரவு சிப்ட்.
அங்கே நான்கு.
குளிர்காலத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை.
தூங்கு என்கிறது விளையாட்டு,
தூங்கினால் வசந்தம் வரும் என்கிறது.
நான் தூங்காமல்
வண்டியின் விளக்கைப் போட்டுக்கொண்டு
பனி விழுவதைப் பார்த்தேன்.
நான் தொட்டிருக்கிற பனியெல்லாம்
குளிர்பெட்டியின் மேல்தட்டில் சுரண்டியது.
மின்விசிறி மூன்றில் சுற்றியது.
முதுகு வேர்த்திருந்தது.

"அதுலேர்ந்து ஒரு பிடி சோறு வருமா?"
பக்கத்துக் கட்டிலிலிருந்து புஷ்பலீலா கேட்டாள்.
சுங்கைப் பட்டாணிக்காரி, எதையும் நேராகக் கேட்பாள்.
வராது என்றேன்.
"அப்ப லைட்ட அணை."

மார்ச்சில் உரம். ஏப்ரலில் களை.
ஜூலையில் நிறம் மாறியது.
அன்றைக்கென்று ஓவர்டைம்.

நிறுத்திவிட்டுப் போயிருக்கலாம்.
விளைந்ததை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.
கூலிக்கு ஆள் வைத்தேன்.
பெயர் கிடையாது அவனுக்கு, ஒரு பொத்தான்தான்.
அறுவடை இயந்திரத்தை அவனிடம் விட்டு,
திரையைத் திறந்தபடி வைத்துவிட்டு
பஸ் பிடிக்க ஓடினேன்.
இரவு முழுக்க நுண்ணோக்கியில் குனிந்தபடி
இப்போது மேட்டைத் தாண்டியிருப்பான்,
இப்போது திரும்பியிருப்பான் என்று
எண்ணிக்கொண்டே இருந்தேன்.

காலை எட்டரைக்கு வந்து பார்த்தால்
மூன்றாவது சாலில்
மின்கம்பத்தை முட்டியபடி நிற்கிறான்.
இன்ஜின் ஓடுகிறது.
நிமிடத்துக்கு இவ்வளவு என்று
கூலியும் ஓடுகிறது.
திரையில் ஆகஸ்ட்.
பார்லி சாம்பல் நிறம்.

திட்ட வாயெடுத்தேன்.
போன வாரம் ஆறாம் எண் இயந்திரம் அடைத்துக்கொண்டபோது
டெக்னீஷியன் வரும்வரை
நாற்பது நிமிடம் நானும் இப்படித்தான்,
நகராமல், பெயரில்லாமல்,
மீட்டர் ஓட ஓட.

அவனை இறக்கிவிட்டேன்.
பின்னுக்கு எடுத்து, வளைத்து,
பட்டதையெல்லாம் மடக்கி உழுதேன்.
கடனில் பாதி அப்படியே நின்றது.
மிலோ டப்பாவைத் துழாவினேன், காலி.

இரவு மறுபடி சிப்ட்.
உள்ளே போகுமுன் காற்றுக் குளியல்:
கைகளை உயர்த்தி
மெல்ல ஒரு சுற்று சுற்ற வேண்டும்.
நான்கு பக்கமும் காற்று அடித்தது.
உமி ஏதாவது உதிர்கிறதா என்று
தரையைப் பார்த்தேன்.

"என்ன தேடுற?" என்றாள்
வரிசையில் பின்னால் நின்ற புஷ்பலீலா.

விளக்கு பச்சையானது.
செப்டம்பரில் கடுகு விதைக்கலாம் என்று சொல்லிவிட்டு
உள்ளே போனேன்.